கால் செக்கன் பிந்தினால் என்ன?



கிரிக்கெட் மேட்ச் நடக்கிற நாளில் லயத்துப் பக்கம் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். மேல் லயத்தில் மூங்கில் கம்பில் அன்டெனா கட்டி டீவி பார்க்கிறவர்கள் "அவுட்!" என்று கத்துவார்கள். கீழ் லயத்தில், டிஷ் பூட்டிய வீட்டில், பந்து போடுகிறவர் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருப்பார். இரண்டு மூன்று செக்கன் கழித்து இங்கேயும் விக்கெட் விழும். ஆனால் பார்க்கிற ருசி போய்விடும்.

"சேர், அவங்களுக்கு மட்டும் எப்பிடி முந்தியே தெரியுது?" என்று ஒரு சிறுவன் எங்களைக் கேட்டான். "டிஷ்ஷுக்குச் செய்மதியிலயிருந்து வருதுப்பா. தூரம் கூட, அதான் பிந்துது" என்று சொல்லிச் சமாளித்துவிட்டோம். பிறகு விசாரித்துப் பார்த்தால் அந்தப் பதில் கால்வாசிகூட சரியில்லை. அதைவிடப் பெரிய விசயம், செய்மதிச் செய்தி பிந்துவது சிலருக்கு விளையாட்டுக் காரியமே இல்லை என்பது. அதைக் கல்முனைக் கடற்கரையில்தான் தெரிந்துகொண்டோம்.

எங்களோடு வேலை செய்யும் உத்தியோகத்தர் ஒருவருக்குச் சொந்த ஊர் சாய்ந்தமருது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பதுளையில் பஸ் ஏறி, அம்பாறை வழியாகக் கல்முனைக்குப் போனோம். அந்தக் கரையை நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நம்ம ஆட்கள் உடுத்துகிற கைத்தறிச் சாரம் மருதமுனையில் நெய்தது. நம்ம வீட்டு அடுப்பில் வேகிற கருவாடு கிழக்குக் கரையிலிருந்தும் வருவது. அவர்கள் கடையில் குடிக்கிற பிளேன்டீயோ நம்ம மலைக் கொழுந்து.

பின்னேரம் கடற்கரையில் வயதான படகுக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு மூன்று வாரம் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிற படகு அவருடையது. சுக்கான் பிடிக்கிற இடத்தில் சின்ன டீவி மாதிரி ஒரு பெட்டி. அதுதான் ஜீ.பி.எஸ். கருவி. "காக்கா, எங்க டீவி மாதிரி இதுவும் பிந்தித்தான் காட்டுமா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "தம்பி, டீவி பிந்தினா ஒரு பந்து போகும். இது பிழைச்சா நாங்க போற இடமே மாறிப் போகும்" என்றார்.

அந்தப் பேச்சை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

செய்தி எவ்வளவு வேகமாக வருகிறது?

டீவி, ரேடியோ, கைபேசி, ஜீ.பி.எஸ். எல்லாவற்றுக்கும் செய்தி கொண்டு வருவது ஒரே வகை அலைதான். அது ஒளியின் வேகத்தில் ஓடும். ஒரு செக்கனுக்குச் சுமார் 3 இலட்சம் கிலோமீற்றர். பூமியை ஒரே செக்கனில் ஏழு தடவைக்கு மேல் சுற்றி வரக்கூடிய வேகம்.

டீவிச் செய்மதி நிற்பது பூமத்தியரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீற்றர் உயரத்தில். அந்த உயரத்தில் செய்மதி பூமியோடு சேர்ந்தே சுற்றும். ஆகவே நமது கண்ணுக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். அதனால்தான் டிஷ்ஷை ஒரு பக்கம் திருப்பி முடுக்கிவிட்டு நாம் பேசாமல் இருக்கிறோம். இலங்கை பூமத்தியரேகைக்குக் கிட்ட இருப்பதால் நமது டிஷ்கள் வானத்தை உயரப் பார்த்து நிற்கும். ஐரோப்பாவில் உள்ள டிஷ்கள் தாழ்ந்து பார்க்கும்.

இப்படி மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்து, 2008இல் கொழும்பில் காலமானார்.

கணக்குப் போடுவோம். செய்தி மேலே போக 36,000 கிலோமீற்றர், கீழே வர 36,000. மொத்தம் 72,000. அதை 3 இலட்சத்தால் பிரித்தால் ஏறக்குறைய கால் செக்கன். செய்மதியின் தூரத்தால் வருகிற தாமதம் அவ்வளவுதான்.

முன்பு வெளிநாட்டில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கால் செக்கன் நன்றாக நினைவிருக்கும். அந்தக் காலத்தில் மத்திய கிழக்கிலிருந்து வந்த போன் அழைப்புகளில் பல செய்மதி வழியாக வந்தன. இங்கே அம்மா கேட்ட கேள்வி போய்ச் சேரக் கால் செக்கன், மகள் சொன்ன பதில் திரும்பி வரக் கால் செக்கன். அரைச் செக்கன் சத்தமே இல்லாதபடியால் "கேக்குதா, கேக்குதா" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். காசு அதிலேயே முடிந்துவிடும். கடலுக்கடியில் கண்ணாடி இழைக் கேபிள்கள் போட்ட பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது.

மிச்சத் தாமதம் எங்கே இருந்து வருகிறது?

டிஷ் டீவி பிந்துவது இரண்டு மூன்று செக்கன். செய்மதியால் வருவது கால் செக்கன்தான் என்றால் மிச்சம் எங்கே?

நம்ம கொழுந்தையே எடுத்துக்கொள்வோம். மலையிலிருந்து தொழிற்சாலைக்கு லொறி ஓடுவது கால் மணி நேரம். ஆனால் கொழுந்து உடனே போய்ச் சேருகிறதா? மடுவத்தில் வரிசையில் நிற்க வேண்டும், நிறுக்க வேண்டும், கணக்கப்பிள்ளை எழுத வேண்டும், சாக்கில் கட்ட வேண்டும். அங்கே இறக்கிய பிறகு அவிழ்க்க வேண்டும். நேரம் போவது பாதையில் இல்லை, மடுவத்தில்.

டீவிப் படமும் அப்படித்தான். இன்றைய படத்தை அப்படியே அனுப்பினால் இடம் போதாது. ஆகவே நிலையத்தில் ஒரு யந்திரம் பல படங்களைச் சேர்த்து வைத்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் சுருக்கிக் கட்டி அனுப்புகிறது. நம் வீட்டுப் பெட்டி அதை வாங்கி அவிழ்த்துக் காட்டுகிறது. கட்டவும் அவிழ்க்கவும் போகிற நேரம்தான் அந்த இரண்டு மூன்று செக்கன். கைபேசியில் இணையம் வழியாக மேட்ச் பார்க்கிறவர்களுக்கு இதைவிடவும் பிந்தும்.

எல்லாத் துண்டும் ஒரே அளவு பிந்தி வருவதால் படம் கெடுவதில்லை. ஆகவே டீவித் தாமதத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

தாமதம் படத்தைக் கெடுத்த காலம்

ஆனால் தாமதத்தால் படமே கெட்டுப்போன காலம் ஒன்று இருந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கி, பிதுருதலாகலை மலையுச்சிக் கோபுரத்திலிருந்து படம் வந்த நாட்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செய்தி வாசிப்பவரின் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கிய முகம் தெரியும். ரெட்டைப் படம் என்று சொல்வோம்.

கோபுரத்திலிருந்து நேராக வந்த அலை ஒரு படத்தைத் தந்தது. எதிர்மலையில் பட்டுத் தெறித்து வந்த அலை இன்னொரு படத்தைத் தந்தது. தெறித்து வந்தது 300 மீற்றர் கூட ஓடியிருந்தால் பிந்துவது ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னத் தாமதம் அந்தக் காலத்துச் சாதாரண டீவித் திரையில் ஏறக்குறைய ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு முகமாகத் தெரிந்தது. ஒருவர் கூரையில் நின்று அன்டெனாவைத் திருப்ப, ஒருவர் உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்தியது இதற்காகத்தான்.

தெறித்து வருகிற இந்த அலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே சங்கதி ஜீ.பி.எஸ்.ஸிலும் வரும்.

மழைக்குப் படம் உடைவது ஏன்?

பெரிய மழையில் டிஷ் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அது தாமதத்தால் அல்ல. டிஷ்ஷுக்கு வரும் அலையை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் பலவீனமாக்குகின்றன. மழை விட்டால் படம் தானாக வரும். மழையே இல்லாமல் படம் உடைந்தால் இவற்றைப் பாருங்கள்:

1. காற்றுக்கு டிஷ் அசைந்திருக்கும். ஒரு விரல் அளவு திரும்பினாலும் செய்மதி தவறிவிடும்.
2. வயர் பூட்டுகிற இடத்தில் தண்ணீர் இறங்கியோ கறள் பிடித்தோ இருக்கும்.
3. முன்னால் நிற்கும் மரம் வளர்ந்து கிளை மறைத்திருக்கும்.
4. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடம் படம் போகும். சூரியன் சரியாகச் செய்மதிக்குப் பின்னால் வருவதே காரணம். ஒன்றும் செய்யத் தேவையில்லை.

மழையிலும் இடியிலும் கூரையில் ஏற வேண்டாம். மின்கம்பிக்குப் பக்கத்தில் டிஷ் பூட்டவும் வேண்டாம். ஒரு மேட்ச் போனால் போகட்டும்.

படகுப் பெட்டி தாமதத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது

இனிக் கல்முனைக் காக்காவின் பெட்டிக்கு வருவோம். டீவிக்குத் தாமதம் வேண்டாத விருந்தாளி. ஜீ.பி.எஸ்.ஸுக்கோ தாமதம்தான் அளவுகோல்.

சித்திரை மாதத்தில் பின்னேர இடி இடிக்கும்போது பிள்ளைகள் செய்கிற கணக்குத்தான் இது. மின்னலைக் கண்டவுடன் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, இடிச் சத்தம் கேட்டவுடன் நிறுத்துவார்கள். மூன்று செக்கன் என்றால் இடி விழுந்தது ஒரு கிலோமீற்றர் தூரத்தில். ஆறு என்றால் இரண்டு கிலோமீற்றர். பிந்திய நேரத்தை வைத்துத் தூரத்தைக் கண்டுபிடிக்கிறோம்.

ஜீ.பி.எஸ். செய்மதிகள் சுமார் 30 உள்ளன. இவை டீவிச் செய்மதி போல ஒரே இடத்தில் நிற்பதில்லை. 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொன்றும் "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது என் மணி இது" என்று சொல்லிக்கொண்டே போகும். தலைக்கு நேர் மேலே இருக்கும் செய்மதியின் செய்தி படகுக்கு வர ஒரு செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் போதும். பெட்டி அந்தத் தாமதத்தை அளந்து செய்மதி எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடும். இப்படி மூன்று செய்மதியின் தூரம் தெரிந்தால் படகு நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஆனால் பெட்டிக்குள் இருப்பது நம்ம கைக்கடிகாரம் மாதிரி மலிவான கடிகாரம். அதைச் சரிபார்க்க நான்காவது செய்மதி வேண்டும். அதனால்தான் குறைந்தது நான்கு செய்மதியைப் பிடித்த பிறகே பெட்டி இடம் காட்டுகிறது.

மணி தவறினால் இடம் தவறும்

இங்கே கால் செக்கன் பிழை வந்தால் கதை முடிந்தது. கால் செக்கனில் அலை 75,000 கிலோமீற்றர் ஓடிவிடும். ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே 300 மீற்றர். நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தால் ஒரு அடி.

ஆகவே செய்மதிகளில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு புதுமை உண்டு. அவ்வளவு உயரத்தில் ஓடுகிற கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ செக்கன் முந்தும். ஐன்ஸ்டைன் சொன்ன விதிப்படி நடப்பது இது. அந்த நேரத்தில் அலை 11 கிலோமீற்றர் ஓடிவிடும். எனவே ஏவும் முன்பே கடிகாரத்தை அந்த அளவு மெதுவாக ஓடும்படி சரிசெய்து அனுப்புகிறார்கள்.

கடிகாரம் பழுதானால் செய்மதியால் வழி காட்ட முடியாது. பக்கத்து இந்தியா தனக்கென்று நாவிக் என்ற வழிகாட்டும் செய்மதிகளை அமைத்தது. 2013இல் ஏவிய முதலாவது செய்மதியில் இருந்த 3 அணுக் கடிகாரங்களும் பின்னர் பழுதாகிவிட்டன. செய்மதி வானத்தில் நல்லபடி நின்றது, ஆனால் வழி காட்ட உதவவில்லை. 2017இல் அதற்குப் பதிலாக ஏவியது தோல்வி. 2018 ஏப்ரலில்தான் இன்னொன்றை ஏவி அந்தக் குறையைத் தீர்த்தார்கள்.

நம்ம வானத்தில் ஒரு தனிச் சிக்கல்

வெயில் மேல் வானத்துக் காற்றை மின்னேற்றிவிடும். அந்தப் படலத்தைக் கடந்து வரும் ஜீ.பி.எஸ். செய்தி கொஞ்சம் பிந்தும். அந்தத் தாமதம் சில மீற்றரிலிருந்து பல பத்து மீற்றர் வரை பிழை காட்ட வைக்கும். பூமியின் காந்த மத்தியரேகைக்குக் கிட்ட இந்தப் படலம் அதிகம் குழம்பும். இலங்கையும் தென்னிந்தியாவும் அதற்குக் கிட்டத்தான் உள்ளன. 1963இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெட்டைக் கேரளத்துத் தும்பாவிலிருந்து ஏவியதும் இதை ஆராய வசதியான இடம் அது என்பதால்தான்.

பொழுது சாய்ந்த பிறகு சில நாட்களில் இந்தப் படலத்தில் குமிழ்கள் போல உண்டாகி, செய்தி விட்டு விட்டு வரும். பெட்டி ஒன்றிரண்டு செய்மதிகளைத் தவறவிடும். சூரியனில் கொந்தளிப்பு கூடிய வருடங்களில் இது அதிகம். 2024 மே மாதம் வந்த பெரிய சூரியப் புயலில், அமெரிக்காவில் ஜீ.பி.எஸ். பார்த்து உழுகிற டிராக்டர்களே வரிசை தப்பிப்போயின. "சில ராவையில பெட்டி கொஞ்ச நேரம் தடுமாறும். நாங்க அவசரப்பட மாட்டம், வெள்ளியப் பாத்துப் பொறுத்திருப்பம்" என்றார் காக்கா. அவருடைய வாப்பா பெட்டியே இல்லாமல் நட்சத்திரம் பார்த்துத் தொழில் செய்தவராம்.

பெரிய தாமதம் வானத்தில் இல்லை

நடுக்கடலில் பத்து மீற்றர் பிழை ஒரு பொருட்டல்ல. ராவில் பாறைக்குப் பக்கத்தில் கரை சேரும்போதுதான் அது ஆபத்து. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு என்று காக்கா சொன்னார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனைத் தடைசெய்தது. 2016இல் தடை நீங்கியது. அந்தக் காலத்தில் ஆழ்கடல் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பூட்டும் வேலை நடந்தது. அந்தக் கருவி குறித்த இடைவெளிகளில் படகின் இடத்தைக் கொழும்பிலுள்ள கடற்றொழில் திணைக்களத்துக்குச் சொல்லும். அது வேலை செய்தால் தேடுவோருக்கு இடம் தெரியும். பழுதாகிக் கிடந்தாலோ, யாராவது நிறுத்தி வைத்தாலோ?

கணக்கைப் பாருங்கள். இயந்திரம் நின்ற படகை நீரோட்டம் மணிக்கு 3 கிலோமீற்றர் இழுக்கிறது என்று வைப்போம். 5 மணித்தியாலம் பிந்தித் தகவல் சொன்னால் படகு 15 கிலோமீற்றர் போயிருக்கும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் தேட வேண்டிய கடல் 700 சதுர கிலோமீற்றர். செய்மதி நூறு கோடியில் ஒரு பங்கு செக்கனைக் காப்பாற்றித் தருகிறது. நாம் ஐந்து மணித்தியாலத்தைத் தொலைக்கிறோம்.

கல்முனைக் கரைக்கு இது நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவில் பூமி நடுங்கியது. அலை கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரத்தில் செய்தி செய்மதி வழியாக ஆயிரக்கணக்கான தடவை வந்து போயிருக்கலாம். ஆனால் கரையிலிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை வந்து சேரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு எச்சரிக்கை ஏற்பாடுகள் வந்தன. 2012 ஏப்ரல் 11இல் மீண்டும் சுமாத்திராப் பக்கம் பூமி நடுங்கியபோது செய்தி நேரத்துக்கு வந்தது, மக்கள் கரையை விட்டு ஏறினார்கள். நல்லவேளை, பெரிய அலை வரவில்லை.

நம்ம மலையிலும் அப்படித்தான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று பல வருடம் முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்ன செய்தி செயலாகுமுன் மலை இறங்கிவிட்டது.

நாம் செய்ய வேண்டியது

மலைச் சரிவில் கைபேசிக்குப் பாதி வானம்தான் தெரியும். எதிர்மலையில் தெறித்து வரும் அலையும் சேர்ந்துகொள்ளும். அந்தக் காலத்து ரெட்டைப் படம் போல, கைபேசி வரைபடம் உங்கள் லயத்தைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காட்டக்கூடும். ஆகவே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடும்போது வரைபடத்தை மட்டும் நம்பவேண்டாம். தோட்டத்தின் பெயர், டிவிசன், லய இலக்கம், எந்தப் பாதையால் வாகனம் வரலாம் என்பதை வாயால் சொல்லுங்கள். முடிந்தால் ஒருவரைச் சந்திக்கு அனுப்புங்கள். பிரசவ வலி வந்த பிள்ளைக்கு அந்தக் கால் மணி நேரம் உயிர்.

சுவரில் புது வெடிப்பு, திடீரென்று கலங்கிய ஊற்று, சாயத் தொடங்கிய மரம் கண்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடவேண்டாம். உடனே தோட்டத்துக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அறிவியுங்கள்.

ஊர் திரும்பியதும் அந்தச் சிறுவனைக் கூப்பிட்டு முழுப் பதிலையும் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப மேட்ச் பாக்கிறதுக்கு அன்டெனாதான் நல்லம், என்ன சேர்?" என்றான். ஆமாம் என்றோம்.